தறிச் சத்தமும் கும்மிக் காலமும்: மின்னணு இசை பழகுவோர் தவிர்க்க வேண்டியவை

கோவையிலும் திருப்பூரிலும் மின்னணு இசை பழகத் தொடங்கும் பிள்ளைகளின் கணினியைத் திறந்தால் பிளகின்கள் (இசை மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் கருவிகள்) நிரம்பி வழிகின்றன. அவற்றில் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் சிந்தசைசர் ஒன்றையாவது முழுமையாக அறிந்தவர்கள் குறைவு. ஆயத்த ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்பதிலேயே மாலைப் பொழுது போய்விடுகிறது. முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர் ஒன்று, அதில் சில அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் ஒன்று, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் ஒன்று என வெறும் நிலையிலிருந்து தொடங்குங்கள். ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) உண்டு. சதுர அலையில் ஒற்றைப்படை எண்ணுள்ளவை மட்டும். அதனால்தான் ஒன்று பித்தளைபோல முழங்குகிறது, மற்றொன்று உள்ளீடற்ற குழல்போலக் கேட்கிறது. இதைக் காது பிடித்துக்கொண்ட பிறகு எஃப்எம் (அதிர்வெண் பண்பேற்ற) முறைக்குப் போகலாம். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் பரவலாக்கிய அந்த முறை, ஃபில்டரால் வெட்டிக் குறைப்பதல்ல. ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவதால் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் இரண்டும் குழம்பும்.

சாம்பிளிங்கில், அதாவது பதிவு செய்த ஒலித் துண்டுகளை இசையாக்குவதில், நம் ஊருக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளின் தாளத்தைவிடச் சிறந்த மூலப்பொருளை எந்தச் சாம்பிள் தொகுப்பும் தந்துவிடாது. ஆனால் தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒலி அளவை ஏற்றிவிடுகிறார்கள். உச்சம் டிஜிட்டல் பதிவின் மேல் வரம்பான 0 டெசிபலைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும்; வெட்டுப்பட்டதை அப்படியே மீட்க முடியாது. உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். ஒலி அளவை மிக நுட்பமாகப் பதியும் 24 பிட் பதிவில் அதற்குக் கீழே தாராளமாக இடம் உண்டு. மாதிரி வேகத்துக்கு (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதற்கு) 44,100 போதும். மனிதக் காதுக்கு எட்டும் ஒலி முழுவதும் அதில் அடங்கிவிடும். மின்சாரத்தின் ரீங்காரம் புகுந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் மட்டும் குறுகலாக வெட்டுங்கள். அடிப்பகுதி முழுவதையும் அள்ளி எறிந்தால் தறியின் உடலே போய்விடும். ஒலியைத் துண்டாக்கும்போது அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் ‘டக்’ என்ற பிசிறு கேட்கும்.

கும்மியையோ கொங்குப் பகுதியின் மேள இசையான ஜமாப்பையோ பதிவு செய்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். ஆட்டம் சூடேறச் சூடேற வேகமும் ஏறும். அதை நிமிடத்துக்கு 120 அடி என்ற நிலையான வேகத்துக்குள் இழுத்து, ஒவ்வோர் அடியையும் குவாண்டைஸ் செய்துவிடுகிறார்கள், அதாவது சம இடைவெளிக் கட்டங்களில் பொருத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது கடிகாரம். ஆட்டக்காரரின் வேகத்துக்கேற்ப மென்பொருளின் வேகத்தை ஒவ்வொரு தாள வட்டத்துக்கும் மாற்றுங்கள். நீங்கள் சேர்க்கும் பேஸ் (தாழ்சுர இசை) அந்த மூச்சோடு போகட்டும். பதிவுக்கு முன் கலைஞர்களிடம் கேளுங்கள், பெயரைக் குறிப்பிடுங்கள், உரிய பணத்தைக் கொடுங்கள். கோயில் திருவிழாவில் திறந்த வெளியில் வாசிக்கிறார்கள் என்பதால் அது யாருக்கும் சொந்தமற்றதாகிவிடாது.

விசையை அழுத்தியும் ஒலி தாமதமாக வந்தால் விரல்களைக் குறை சொல்லாதீர்கள். 44,100 வேகத்தில் 1024 என்ற பஃபரே (கணினி ஒரே தடவையில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) சுமார் 23 மில்லி விநாடி தாமதம் தரும்; 128 வைத்தால் 3 மில்லி விநாடிதான். வாசிக்கும்போது குறைத்து, கலவைக்கு (மிக்சிங்) உட்காரும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

கலவையில் சத்தம் நம்மை எளிதாக ஏமாற்றிவிடுகிறது. ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களில் உரத்து ஒலிப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரஸரைச் சேர்த்த பின் ‘மேம்பட்டுவிட்டது’ என்று முடிவு செய்வதற்கு முன், இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கி மீண்டும் கேளுங்கள். இயர்போனில் மட்டும் கேட்டு முடிக்காமல் கார் ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓடவிட்டால், கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பேஸும் எங்கே மோதுகின்றன என்பது அங்கே தெரிந்துவிடும்.