அவள் கேட்டது எங்கே போனது? சமாதான முயற்சிகளில் பெண்களின் தலைமையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமாதான முயற்சிகளில் பெண்களின் தலைமைக்குக் கைகொடுக்கும் திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினால், முதல் சில பக்கங்களுக்குள் ஓர் அட்டவணை வந்துவிடும்: எத்தனை பயிற்சிப் பட்டறைகள், எத்தனை மாவட்டங்கள், எத்தனை பெண்கள். அட்டவணையில் பிழை இருக்காது. ஆனால் அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள், அது யாரிடம் போய்ச் சேர்ந்தது, உடன்படிக்கையில் ஏறியதா, ஏறிய பிறகு நடந்ததா என்பதற்கு அதில் பதில் இராது. சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று வலியுறுத்தும் 1325ஆம் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31இல் நிறைவேற்றியது. அதன் பெயரில் ஓடிய எத்தனையோ திட்டங்களின் மதிப்பீடுகளில் இந்தக் குறை இன்னும் தொடர்கிறது. மதிப்பீட்டுக்குப் போகிறவர்களும், மதிப்பீட்டைக் கேட்டு வாங்குகிற நிறுவனங்களும் கவனிக்க வேண்டியவை இவை.

தலை எண்ணுவதோடு நிறுத்துவது

எண்ணிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 1992 முதல் 2011 வரையிலான 31 பெரிய சமாதான முயற்சிகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு எடுத்துப் பார்த்தபோது, பேச்சுவார்த்தையாளர்களில் பெண்கள் 9%, கையெழுத்திட்டவர்களில் 4%, தலைமை மத்தியஸ்தர்களில் 2% மட்டுமே இருந்தார்கள். இந்த எண்கள் இல்லாவிட்டால் அநீதி கண்ணுக்கே தெரிந்திருக்காது. சிக்கல், எண்ணிக்கையையே விளைவாக எழுதிவிடுவதில்தான்.

வட அயர்லாந்தைப் பாருங்கள். சமாதானப் பேச்சுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த 1996 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்புதான் வட அயர்லாந்துப் பெண்கள் கூட்டணி கட்சியாகப் பிறந்தது. கிடைத்தது சுமார் ஒரு விழுக்காடு வாக்கு; 110 இடங்களில் இரண்டு. மோனிகா மக்வில்லியம்ஸ், பேர்ல் சேகர் என்ற அந்த இருவரில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டன்ட். தலை எண்ணுகிறவருக்கு இது தோல்விக் கணக்கு. ஆனால் அந்தப் பேச்சில் விளைந்த 1998 ஏப்ரல் 10 சமாதான உடன்படிக்கையை எடுத்து வாசித்தால், வன்முறையால் பாதிக்கப்பட்டோர் பற்றிய பகுதி, இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், கலந்து வாழும் குடியிருப்புகள், சட்டமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குடிமக்கள் அவை, அரசியலில் பெண்களின் சம பங்கு என்று அவர்கள் விடாமல் வலியுறுத்தியவை வரிகளாகவே நிற்கின்றன.

அதே உதாரணம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. அந்தக் குடிமக்கள் அவை 2000இல் கூடியது; 2002இல் சட்டமன்றம் இடைநிறுத்தப்பட்டபோது அதுவும் நின்றது. 2007இல் சட்டமன்றம் திரும்பி வந்தது, அவை வரவில்லை. கூட்டணியும் 2006இல் கலைந்தது. ஆக, "உடன்படிக்கையில் ஏறியது" என்பதோடு நிறுத்தினாலும் பாதிக் கதைதான்.

அதனால்தான் ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது நல்லது என்கிறேன். திட்டத்தில் இருந்த பெண்களிடம் அவர்களுக்கு மிக முக்கியமாக இருந்த மூன்று நான்கு கோரிக்கைகளை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை முதலில் எங்கே சொல்லப்பட்டன, எந்தக் கடிதத்தில், எந்தக் கூட்டக் குறிப்பில் வந்தன என்று தேடுங்கள். உடன்படிக்கையின் வரைவுகள் கிடைத்தால் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். முக்கியமாக, மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர்களையும் மத்தியஸ்தரின் அலுவலர்களையும் பேட்டி எடுங்கள். திட்டத்தின் பயனாளிகளை மட்டும் கேட்டு எழுதும் மதிப்பீடுகள் மிக அதிகம். செல்வாக்கு நடந்ததா என்பதற்கு நல்ல சாட்சி, தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டவர்தான்.

கேள்வி கேட்கும் விதத்திலும் இதே வித்தியாசம் தெரியும். "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?" என்றால் இலங்கையில் எங்கள் ஊர்களில் "ஓம், நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும், சாப்பாடு போட்டு, பயணச் செலவும் கொடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? "அக்கா, அண்டைக்கு நீங்கள் எழுதிக் குடுத்த கடிதத்துக்குப் பிறகென்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் கொடுத்தார், வாங்கியவர் என்ன சொன்னார், எத்தனை தரம் அலைந்தார் என்று ஆட்களும் திகதிகளும் வரத் தொடங்கும். மதிப்பீட்டுக்கு வேண்டிய தகவல் அதில்தான் இருக்கிறது.

மேசையை மட்டும் பார்ப்பது

2003இல் லைபீரிய உள்நாட்டுப் போரை முடிக்கும் பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவில் நடந்தது. லைபீரியச் சமாதானச் செயற்பாட்டாளர் லேமா போவியும் அவரோடு வந்த வெள்ளைச் சட்டைப் பெண்களும் பேச்சாளர்களாக அழைக்கப்படவில்லை. ஜூலை மாதத்தில், மொன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்க உள்ளே பதவிப் பங்கீடு பேசப்படுவதைப் பார்த்து, மண்டபத்தின் கதவை மறித்து உட்கார்ந்தார்கள். யாரையும் வெளியே விடவில்லை. மத்தியஸ்தரான நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் அவர்களிடம் வந்து பேசவேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 18இல் உடன்படிக்கை கையெழுத்தானது. மானோ நதி நாடுகளின் பெண்கள் அமைப்பு ஒன்று அதில் சாட்சியாகக் கையெழுத்திட்டது.

"பேச்சுக் குழுவில் பெண்களின் விழுக்காடு" என்ற ஒரே குறிகாட்டியோடு அக்ராவுக்குப் போயிருந்தால் இந்தத் தலைமை முழுவதும் கண்ணில் படாமல் போயிருக்கும். உடன்படிக்கைக்குப் பிறகு நடந்ததையும் அப்படியே தவறவிட்டிருப்போம். அந்த டிசம்பரில் ஐ.நா. படை ஆயுதக் களைவைத் தொடங்கியதும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு போராளிகள் வந்து குவிந்து முகாம் குழம்பியது. பணி நிறுத்தப்பட்டு 2004 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் போராளிகளிடம் பேசி அவர்களைத் தயார்ப்படுத்தியவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள்.

மண்டப வாசல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் முன்றல், சந்தை, முகாம் எல்லாமே சமாதானம் நடக்கும் இடங்கள். மதிப்பீட்டின் எல்லையைத் தீர்மானிக்கும்போதே இவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். களத்துக்குப் போன பிறகு சேர்க்க நேரமும் இருக்காது, காசும் இருக்காது.

அவசரமாகத் தீர்ப்பு எழுதுவது

இந்தத் தவறுதான் அதிகக் கேடு செய்கிறது. திட்டம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஓடும். முடிந்த சில மாதங்களில் மதிப்பீட்டாளர் வருவார். சமாதானத்துக்கோ அந்த நாட்காட்டி தெரியாது.

பிலிப்பைன்ஸில் மிரியம் கொரொனல்-ஃபெரர் அரசின் தலைமைப் பேச்சாளராக இருந்து 2014 மார்ச் 27இல் நாட்டின் தெற்கில் ஆயுதம் ஏந்திப் போராடிய மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியுடனான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பெரிய சமாதான உடன்படிக்கை ஒன்றில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர். பத்து மாதம் கழித்து, 2015 ஜனவரியில், அந்த முன்னணியின் போராளிகளும் ஈடுபட்ட மாமசபானோ மோதலில் 44 காவல் படையினர் இறந்தார்கள். நாடே கொதித்தது, உடன்படிக்கைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் முடங்கியது. 2014 நடுவில் மதிப்பீடு எழுதியவர் "மாபெரும் வெற்றி" என்றிருப்பார். 2016இல் எழுதியவர் "தோல்வி" என்றிருப்பார். சட்டம் 2018இல் நிறைவேறி, 2019 தொடக்கத்தில் மக்கள் வாக்கெடுப்பில் பாங்சாமோரோ தன்னாட்சிப் பகுதி உருவானது.

இலங்கைக்கு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கடினமாகிறது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையில், 2002 டிசம்பர் ஒஸ்லோ சுற்றில் இணக்கம் கண்டு, பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு அமைக்கப்பட்டது. அரசு தரப்பிலிருந்து குமாரி ஜெயவர்தன, தீபிகா உடகம உள்ளிட்ட ஐவர். விடுதலைப் புலிகள் தரப்பிலிருந்து தமிழினி உள்ளிட்ட ஐவர். நோர்வேயிலிருந்து ஓர் அனுசரணையாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் தனிப்பட்ட பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று பேசவேண்டியவற்றை வகுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 21இல் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். குழுவும் அத்தோடு நின்றது.

இதற்கு என்ன மதிப்பெண் போடுவது? குறிகாட்டிப் பட்டியலில் "எட்டப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி முடிக்கலாம். அது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். பிரதான பேச்சுவார்த்தை முறிந்ததற்கு அந்தப் பத்துப் பெண்கள் காரணமில்லை. அவர்களுடைய கையில் இருந்தவற்றை வைத்துத்தான் அவர்களை மதிப்பிட முடியும்: யுத்தத்தின் இரு கரைகளிலும் நின்றவர்கள் ஒரே நிகழ்ச்சி நிரலுக்கு வந்தார்களா, அதைப் பிரதான மேசைக்குக் கொண்டுபோக அவர்களுக்கு வழி இருந்ததா, அந்த வழியை அமைத்தவர்கள் யார், ஏன் அவ்வளவு தாமதமாக அமைத்தார்கள். கடைசிக் கேள்வி பெண்களை நோக்கியதல்ல, பேச்சுவார்த்தையை வடிவமைத்தவர்களை நோக்கியது. நல்ல மதிப்பீடு அந்தப் பக்கமும் விரல் நீட்ட வேண்டும்.

நிதி கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திட்டம் முடிந்து மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க, தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

எல்லாம் நம்மால் நடந்தது என்பது

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தேர்தலுக்குப் பின் 20ஐத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுத்த எந்த அமைப்பும் இந்த உயர்வைத் தன் கணக்கில் எழுத ஆசைப்படும். உயர்வைக் கொண்டுவந்தது சட்டத்திருத்தம், அது விதித்த 25% ஒதுக்கீடு. அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டு போராடிய பெண்கள் அமைப்புகளுக்கு அதில் பங்குண்டு. பயிற்சியின் பங்கு என்ன என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்: பயிற்சி பெற்றவர் பிரதேச சபையில் எழுந்து பேசினாரா, பேசியது தீர்மானமாயிற்றா, கட்சித் தலைவர் கண்ணைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாரா?

இதன் இன்னொரு முகம், பெண்கள் பங்கேற்றால் உடன்படிக்கை 15 ஆண்டு நிலைக்கும் வாய்ப்பு 35% கூடுகிறது என்ற புள்ளிவிவரம். 1325 பற்றிய ஐ.நா.வின் 2015 உலகளாவிய ஆய்வில் இடம்பெற்றதிலிருந்து இது எல்லா அறிக்கையிலும் வருகிறது. பல நாட்டு உடன்படிக்கைகளை ஒன்றாக வைத்துக் கண்ட தொடர்பு அது. ஒரு மாவட்டத்தில் நடந்த ஒரு திட்டம் பலன் தந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பெண்கள் மேசையில் இருப்பது அவர்களுடைய உரிமை. அதற்கு நியாயம் சொல்ல விழுக்காடு தேவையும் இல்லை.

"பெண்கள்" என்று ஒரே கட்டமாகப் போடுவது

யுத்தத்தில் கணவனை இழந்த வன்னிப் பெண், 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண், முன்னாள் பெண் போராளி, காணாமல் போன படைச் சிப்பாயின் தாய். இவர்களுக்குச் சமாதானத்திலிருந்து வேண்டியது ஒன்றல்ல. சில வேளை ஒருவர் கோரிக்கை மற்றவருக்கு அச்சம் தரும். தரவைப் பிரிக்காமல் கூட்டிப் போட்டால், ஆங்கிலம் தெரிந்த, தலைநகரில் வசிக்கிற சிலரின் குரல் எல்லாருடைய குரலாகப் பதிவாகிவிடும். அதோடு, ஒருவருக்கொருவர் உடன்படாத இடங்களை அறிக்கையில் மறைக்க வேண்டாம். ஆண்கள் குழுக்கள் ஒற்றுமையாக இருந்தன என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அவர்கள் கொடுத்த விலையை எழுதாமல் விடுவது

கொலம்பிய அரசும் ஃபார்க் என்ற கெரில்லா அமைப்பும் ஹவானாவில் பேசியபோது 2014இல் பால்நிலை உபகுழு ஒன்று அமைந்தது. பெண்கள் அமைப்புகள் நேரில் போய்த் தம் கோரிக்கைகளை வைத்தன. உடன்படிக்கையில் அவை ஏறின. உடன்படிக்கையை ஏற்பதா என்று மக்களிடம் கேட்ட 2016 அக்டோபர் 2 வாக்கெடுப்பில் "வேண்டாம்" என்ற தரப்பு மயிரிழையில் வென்றது; அந்தப் பிரசாரத்தில் பால்நிலைப் பகுதிகளே பெரிய இலக்காக இருந்தன. திருத்திய உடன்படிக்கை நவம்பரில் கையெழுத்தானது. அமலாக்கத்தைக் கண்காணித்துவரும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் க்ரோக் நிறுவனம் 578 கடப்பாடுகளில் 130ஐப் பால்நிலை சார்ந்தவை என்று பிரித்தெடுத்தது. மற்றவற்றைவிட அவை மெதுவாகவே நகர்கின்றன என்று ஆண்டுதோறும் காட்டிவருகிறது. அந்தப் பிரித்தெடுப்பு இல்லாவிட்டால் மொத்தச் சராசரிக்குள் இந்தத் தாமதம் காணாமல் போயிருக்கும்.

எதிர்ப்பு வந்தது என்பதாலேயே திட்டம் தோற்றது என்று எழுதுவது தவறு. பெண்கள் உண்மையான அதிகாரத்தைத் தொட்டதும்தான் பல வேளைகளில் எதிர்ப்பு கிளம்புகிறது. ஆனால் அந்த எதிர்ப்பைத் தாங்கியவர் யார், மிரட்டல் வந்தபோது திட்டம் அவரோடு நின்றதா, வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் மதிப்பீடு கேட்டே ஆக வேண்டும்.

மதிப்பீடே ஆபத்தைக் கொண்டுவரவும் கூடும். வடக்கு கிழக்கில் கூட்டம் நடத்திய எவருக்கும் வருகைப் பதிவுத் தாள் என்றால் என்னவென்று தெரியும்: பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையெழுத்து. கணக்காய்வுக்காக வாங்குவது. அதே தாளைப் புலனாய்வுக்காரர் கேட்டு வாங்கிப் போன அனுபவம் பல அமைப்புகளுக்கு உண்டு. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டம் நடத்தும் தாய்மாரிடம் அப்படியொரு தாளை நீட்டுமுன் பத்துத் தரம் யோசிக்க வேண்டும். பதிவுக்கு இலக்கக் குறியீடு போதும்; பெயர்ப் பட்டியல் வேறிடத்தில், பூட்டிய கோப்பில் இருக்கட்டும். குழுக் கலந்துரையாடலில் பின்வரிசையில் அரச உத்தியோகத்தர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கேள்வியை மாற்றி, சமையல் தோட்டத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, வேறொரு நாள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அந்த இரண்டாவது பயணத்துக்கான நாளையும் காசையும் வேலைத்திட்டத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

அறிக்கையை மேலே மட்டும் அனுப்புவது

அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நிதி கொடுத்தவரின் அலுவலகத்துக்குப் போகும். தகவல் கொடுத்த பெண்களுக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பி வராது. முடிவுகளின் வரைவை இறுதியாக்கும் முன், தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கி, அவர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். "நான் சொன்னது இது இல்லை" என்று யாராவது சொன்னால், திருத்துங்கள். உடன்பட முடியாவிட்டால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரம் கூட்டத்துக்கு நல்லது. தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் இருந்தால் அதையும் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.