டவர் கிடைக்காத மாணவருக்கும் பாடம் போய்ச் சேர...

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடியதும் வழக்கமான கால அட்டவணையை அப்படியே கூகுள் மீட்டுக்கு மாற்றினோம். முதல் வாரத்திலேயே பலர் பாதி வகுப்பில் காணாமல் போனார்கள். ஒரு மாணவன் மொட்டை மாடியில் நின்றுதான் பாடம் கேட்டான். வெயில் ஏறினால் போன் சூடாகி அணைந்துவிடும். அவனை மனதில் வைத்து நான் மாற்றிக்கொண்ட முறை இது. கல்லூரி மறுபடி மூடினால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் விசாரியுங்கள். யாரிடம் சொந்த போன் இருக்கிறது, யார் தம்பி தங்கையோடு பகிர்கிறார்கள், எந்த நேரத்தில் டவர் கிடைக்கிறது? கூகுள் ஃபார்ம் மட்டும் அனுப்பாதீர்கள். நெட் இல்லாதவர் அதை நிரப்பவே முடியாது. அவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

அடுத்து, பாடத்தை ஒலியாகப் பதிவு செய்யுங்கள். இதுதான் முக்கியமான படி. ஒரு மணி நேரப் பாடத்தை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனில் உள்ள ரெக்கார்டரிலேயே பேசலாம். கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மோனோவாக (ஒரே ஒலித்தடமாக) மாற்றி, எம்பி3 வடிவில், 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) அளவில் சேமியுங்கள். 15 நிமிடம் பேசினாலும் கோப்பு 3.6 எம்பிதான் வரும். பேச்சு தெளிவாகவே இருக்கும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தந்தது; பெரிய உதவி அது. ஆனால் டவர் இல்லாத ஊரில் 2 ஜிபியை எப்படிச் செலவழிப்பது? சின்னக் கோப்பு என்றால், டவர் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பக்க எண் கட்டாயம். பேசும்போதே "இப்போது 4ஆம் பக்கம் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் பாடங்களையும் பயிற்சிகளையும் பகிர உதவும் கூகுள் கிளாஸ்ரூம் தளத்தில் ஒரு வகுப்பு தொடங்கி, அதன் குறியீட்டை மாணவர்களுக்கு அனுப்புங்கள். கோப்புக்கு "அலகு 2, பாடம் 3" என்பதுபோலப் பெயர் வையுங்கள். அதையே வாட்ஸ்அப் குழுவிலும் டாக்குமெண்டாகப் போடுங்கள்.

நேரலை வகுப்பு வாரம் ஒருமுறை, கேள்விகளுக்கு மட்டும். ஜூமின் இலவசக் கணக்கில் கிடைக்கும் 40 நிமிடம் தாராளம். கேமராவைப் போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீடுகள் உண்டு.

சிறு தேர்வுகளுக்குக் கூகுள் ஃபார்ம் சரி. விரிவான விடைகளைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெடு ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் கிளாஸ்ரூமில் எதையும் சமர்ப்பிக்காதவர்களைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். முதல் கேள்வி பாடத்தைப் பற்றி வேண்டாம், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள்.