முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை

சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே அடியும் அத்துமீறலும் பட்டு வளர்ந்தவர்கள் மனநல சிகிச்சையைத் தள்ளிப்போட ஒரு பெரிய காரணம் உண்டு: "போனால் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களே." நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன். அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

போவதற்கு முன், இப்போது இருக்கும் தொந்தரவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியது: 'பெல்ட் பக்கிள் சத்தம் கேட்டால் கை சில்லிட்டுப்போகிறது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. கெட்ட கனவு கண்டு வியர்த்து எழுகிறேன்.' வாயைத் திறக்காமல் தாளைத் தெரபிஸ்ட்டிடம் (பேசிச் சிகிச்சை தரும் மனநல நிபுணரிடம்) நீட்டினேன். அவர் படித்துவிட்டு, முதல் வேலையாக என் நாற்காலியைக் கதவு தெரியும்படி திருப்பிப் போடச் சொன்னார்.

இந்த மாதிரித் தொந்தரவுகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது பி.டி.எஸ்.டி.யா, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயா என்று பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்பதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. நெடுநாள் தொடர்ந்த கொடுமைக்குப் பிறகு அது அதிகம் வருகிறது. சட்டென்று பொங்கும் கோபம், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், யாரிடமும் ஒட்ட முடியாமை எல்லாம் அதில் வருகின்றன. என் பிறவிக் குணம் என்று நினைத்திருந்தவை அறிகுறிகளாக அங்கே எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து அழுதேன்.

தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். ட்ராமா (மனதைக் காயப்படுத்திய அதிர்ச்சி) சிகிச்சையில் பயிற்சி உண்டா? எந்த முறை? நான் 'போதும்' என்றால் அங்கேயே நிறுத்துவீர்களா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

முறைகள் பல. சி.பி.டி. (CPT, காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி) என்பது வழக்கமாக 12 அமர்வுகள். 'என் தப்புதான்' போன்ற எண்ணங்களை எழுதி, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் தொடங்கிய இ.எம்.டி.ஆர். முறையில், நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்களை இடவலமாக அசைப்பீர்கள். நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. சொல்வதற்கு நா எழாதவர்களுக்கு இது ஏற்றது என்பது என் கருத்து. மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் செர்ட்ராலின் போன்றவற்றைத் தருவார். அதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபிளாஷ்பேக், அதாவது பழைய சம்பவம் இப்போதே நடப்பதுபோன்ற உணர்வு வரும்போது கண்ணை மூடாதீர்கள். பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். எனக்கு ஐஸ்கட்டியை உள்ளங்கையில் பிடிப்பது இதைவிட வேகமாக வேலை செய்கிறது. அந்தக் குளிர் இப்போதைய குளிர் என்று உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. இதை நல்ல நாளிலேயே பழகி வையுங்கள். கெட்ட நேரத்தில் புதிதாக ஒன்றும் ஞாபகத்துக்கு வராது.

அமர்வு முடிந்த அன்று முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் கனவுகள் கூடலாம். அதை மறைக்காமல் அடுத்த முறை சொல்லுங்கள். உயிரை விடத் தோன்றினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசர உதவியை நாட வேண்டும். கொடுமை செய்தவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், பழைய நினைவுகளைத் தோண்டுவதற்கு முன் பாதுகாப்பான இடத்துக்கு வழி தேடுங்கள்.

"பெரியவர்தானே, மன்னித்துவிடு" என்று உறவினர்கள் சொல்வார்கள். மன்னித்தால்தான் குணமாகும் என்று எந்த விதியும் இல்லை.

நடுவில் நிறுத்திவிடலாம் என்று கண்டிப்பாகத் தோன்றும். அப்போது போகாமல் நின்றுவிடாமல், நேரில் போய் "நிறுத்தத் தோன்றுகிறது" என்றே சொல்லுங்கள். விலகி ஓடுவதும் இந்த நோயின் அறிகுறிதான். பல நேரம் சரியான இடத்தைத் தொடும்போதுதான் அது தலைதூக்கும். ஆனால் தெரபிஸ்ட்டே எல்லை மீறினால் விடைபெறக்கூடப் போக வேண்டாம்.