பியானோவோடு சேர்ந்து வரும் முனகல்: வீட்டிலும் வகுப்பிலும் செய்யும் தவறுகள்

கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' பதிவை முதன்முறையாகக் கேட்பவர்கள் பலர் ஸ்பீக்கரில்தான் கோளாறு தேடுகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. பியானோவுக்குப் பின்னால் கேட்கும் அந்த முனகல் வாசித்தவருடையதுதான். 1955இல் நியூயார்க்கில் பதிவு செய்தபோதும் முனகினார். 1981இல் அதே படைப்பை மீண்டும் பதிவு செய்தபோதும் முனகினார். அது வாசிக்கும் சுரத்தோடு எப்போதும் ஒட்டிப்போகும் பாட்டும் அல்ல. சில இடங்களில் சுதி விலகி அதன்போக்கில் போகும்.

கோலாலம்பூரில் பியானோ கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. பிள்ளை வாசிக்கும்போது வாய்க்குள் பாடுகிறது. அம்மா "வாயை மூடிக்கொண்டு வாசி" என்கிறார். யூடியூபில் கூல்டைப் பார்த்துவிட்ட மாமா, "விடுங்கள் அக்கா, மேதைகள் எல்லாம் அப்படித்தான்" என்கிறார். இருவர் சொல்வதும் தவறு. மாமா சொல்வதுதான் கூடுதல் ஆபத்து.

கூல்டுக்கு இந்தப் பழக்கம் மேதைமையின் துணைப்பொருளாக வரவில்லை. அவருடைய முதல் ஆசிரியர் அவருடைய அம்மா. வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுத்தவர், வாசிப்பதைப் பாடிக்கொண்டே வாசிக்க மகனைப் பழக்கினார். பிற்காலத்தில் கூல்டே இதைத் தொல்லை என்றுதான் கருதினார். விட முடிந்தால் விட்டுவிடலாம், ஆனால் விட்டால் வாசிப்பு குறைந்துபோகும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். பியானோ கலைஞர்களான ருடால்ப் செர்கினும் மௌரிசியோ பொல்லினியும் மேடையில் முனகியவர்கள். ஆனால் முகத்தில் சலனமே காட்டாமல் வாசித்த விளாடிமிர் ஹொரொவிட்ஸ் இவர்களில் யாருக்குக் குறைந்தவர்? ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டைப் பாருங்கள். 1975இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், முன்பே எழுதி வைக்காமல் மேடையிலேயே கற்பனை செய்து அவர் வாசித்த கச்சேரிப் பதிவில் அவருடைய குரல் தாராளமாகக் கேட்கிறது. அவரே பாஹ் எழுதியதை வாசித்த பதிவுகளில் அந்தக் குரல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பழக்கம் மனிதனை மட்டும் பொறுத்ததல்ல, வாசிக்கும் இசையையும் பொறுத்தது. முனகலைப் போலச் செய்தால் முனகல் மட்டும்தான் வரும்.

அம்மாவின் கட்டளைக்கு வருவோம். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உள்ள நுண்கலைக் கோயில் என்னும் கலைப் பள்ளிக்கோ வேறொரு கர்நாடக இசை வகுப்புக்கோ போகும் அதே பிள்ளையிடம் "முதலில் பாடு, பிறகு வாசி" என்கிறோம். மிருதங்கம் கற்பவன் சொற்கட்டைச் சொல்லிவிட்டுத்தான் கையை வைக்கிறான். வீணை தனம்மாள் வீணையோடு சேர்ந்து பாடியதைக் குறையென்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பியானோ முன்னால் உட்கார்ந்ததும் அதே வாய் குற்றவாளி ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் நம் பிள்ளைகளில் பலர் எழுதும், பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரில் நடத்தும் தேர்விலேயே பாடும் பகுதி உண்டு: 150 மதிப்பெண்ணில் 18 செவித்திறனுக்கு. முதல் கிரேடிலேயே தேர்வாளர் வாசிக்கும் சிறு இசைச் சொற்றொடரைத் திருப்பிப் பாட வேண்டும்.

அதட்டி நிறுத்தினால் குரல் மட்டும் நிற்பதில்லை. பல பிள்ளைகள் தாடையை இறுக்கி மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். தோள் ஏறுகிறது, மணிக்கட்டு விறைக்கிறது, சொற்றொடரின் முடிவில் வரவேண்டிய இளைப்பாறல் காணாமல் போகிறது.

அப்படியானால் முனகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. இங்கேதான் ஆசிரியர்களில் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் இருக்கிறது. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணம் முதல் ஒலி தேயத் தொடங்குகிறது; மேல் ஸ்தாயியில் இன்னும் விரைவாக. தட்டிய பிறகு அதைப் பெருக்க விரலால் முடியாது. குரலுக்கு அந்தத் தடை இல்லை. ஒரே சுரத்தை நீட்டலாம், வளர்க்கலாம், அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகலாம். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறது. ஆகவே மெல்ல முனகினாலும் அது வாசிப்பவர் காதில் ஓங்கியே ஒலிக்கும். விளைவு என்ன? மாணவி தன் தொண்டையில்தான் சுரங்களை ஒன்றோடொன்று இழையவிடுகிறாள். பியானோ இழைந்தது என்று நம்புகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது துண்டு துண்டான சுரங்களும் கூடவே ஒரு முனகலும்தான். இது ஒழுக்கக் குறைவு அல்ல, செவியேமாற்றம்.

இதற்கான சோதனை எளிது. அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை பாடவும். எங்கே மூச்சு எடுக்கிறோம், எந்தச் சுரத்தை நோக்கிப் போகிறோம் என்று கவனிக்கவும். பிறகு உதடுகள் சற்றே திறந்திருக்க, மூச்சைச் சீராக விட்டபடி, குரலின்றி வாசிக்கவும். பாடியபோது இருந்த வளைவு வாசிப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைத் தொண்டை செய்துகொண்டிருந்தது, விரல் இன்னும் கற்கவில்லை. பாஹின் இரண்டு குரல் இன்வென்ஷன் (இரண்டு மெட்டு வரிகள் சேர்ந்து செல்லும் சிறு படைப்பு) போன்றவற்றில் ஒரு குரலைப் பாடி மற்றதை வாசிப்பது நல்ல பயிற்சி. அதை மறைவாக முனகாமல் வெளிப்படையாகவே செய்ய வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு சிக்கல். பக்கத்து வீட்டாருக்காக ஹெட்போன் மாட்டி டிஜிட்டல் பியானோ வாசிக்கிறார்கள். வரவேற்பறையில் இருப்பவர்களுக்குக் கேட்பதெல்லாம் கட்டைகளின் டக் டக்கும் முனகலும் மட்டும்தான் (தாத்தா பாட்டிகள் பயந்துபோவது நியாயமே). பியானோவின் உள்ளேயே பதிவு செய்தால் மைக் கிடையாது, குரல் பதிவாகாது. பிள்ளை தான் முனகுவதேயில்லை என்று சத்தியம் செய்யும். வாரத்துக்கு ஒருமுறையாவது கைபேசியை அறைக்குள் வைத்துப் பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள்.

காணொளி அனுப்பி எழுதும் கிரேடு தேர்வுகளில் இது நேரடிப் பிரச்சினை. நான்கு பாடல்களையும் நடுவில் வெட்டாமல் ஒரே பதிவாக அனுப்ப வேண்டும். கைபேசியை முகத்துக்கு அருகே வைத்தால் முனகல் முன்னால் வந்து நிற்கும். பல கைபேசிகள் மெல்லிய பகுதி வரும்போது ஒலி அளவைத் தாமாகவே கூட்டிவிடுவதால், மெதுவான வரிகளில்தான் குரல் அதிகம் பிடிபடும். சில அடி தள்ளி வைத்து, அப்ரைட் பியானோவானால் மேல் மூடியைத் திறந்துவிட்டு, ஒத்திகைப் பதிவு ஒன்று எடுத்துக் கேட்டுவிடுவது நல்லது.

இரட்டைக் கோபுரத்தில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்குக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முனகல் கேட்டால் பின் வரிசையைத் திரும்பி முறைக்க வேண்டாம், மேடையிலிருந்து வந்திருக்கலாம். இசைக்குழு நடத்துநர்களும் விதிவிலக்கல்ல. 1946இல் 'லா போஹேம்' ஓபராவை நடத்திய டோஸ்கனினி பாடகர்களோடு சேர்ந்து பாடியது பதிவிலேயே கேட்கிறது. கேட்டதும் வாசிப்பவருக்கு ஏதோ நோய் என்று ஊகித்து அடுத்தவர் காதில் கிசுகிசுப்பதும் வேண்டாம். அதுவும் சத்தம்தான்.

குறைக்க விரும்பும் மாணவர்கள் பதிவைக் கேட்டபடி, முனகல் தொடங்கும் இடங்களை இசைத்தாளில் பென்சிலால் குறிக்கட்டும். எல்லா வரியிலும் குறி விழுமானால் அது பழக்கம். மேலே சொன்ன குரலின்றி வாசிக்கும் பயிற்சி போதும். சில இடங்களில் மட்டும் கொத்தாக விழுந்தால், அங்கே கைக்குச் சிரமம் இருக்கலாம்; இடது கை தாவும் இடமா, கட்டைவிரல் உள்ளே போகும் இடமா என்று பார்த்து, அந்தப் பகுதியை ஒவ்வொரு கையாகத் தனியே மெதுவாக வாசிக்க வேண்டும்.