ஆடிட் சாம்பிள் எடுக்குற முறைய மாத்துன என் அனுபவம்

பில் ரெக்கார்டு பெரிய குவியல், ஒவ்வொரு 50வது என்ட்ரியயும் எடுக்குறதுதான் ஏற்கனவே இருந்த முறை, ஆனா லிஸ்ட்டே 50 வரி கொண்ட பேட்ச் பேட்சா இருந்ததால எடுத்ததெல்லாம் பேட்சோட கடைசி வரியாவே வந்துச்சு. லிஸ்ட்ல இப்படி ஒரு ஒழுங்கு திரும்பத் திரும்ப வந்தா சிஸ்டமேட்டிக் சாம்பிளிங்க (இப்படி சம இடைவெளி விட்டு எடுக்குற முறைய) நம்பவே கூடாது.

அதனால முதல்ல கேள்விய ரெண்டா பிரிச்சேன். அப்ரூவல் கையெழுத்து இருக்கா இல்லையான்னு பாக்க ரேண்டம் நம்பர் போட்டு எடுத்தாலே போதும், 59 எடுத்து ஒண்ணுல கூட தப்பு இல்லைன்னா தப்பு விகிதம் 5%க்குள்ளதான்னு 95% நம்பிக்கையோட சொல்லலாம், குவியல் பத்தாயிரமா லட்சமாங்கறது இதுல பெருசா எதையும் மாத்தாது (இத டீம்ல நம்ப வைக்கத்தான் நேரம் ஆச்சு).

தொகை சரியாங்கறது வேற கேள்வி. பெரிய தொகை பில்லு எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாத்துட்டு, மிச்சத்துக்கு மானிட்டரி யூனிட் சாம்பிளிங் (பில்ல எண்ணாம ஒவ்வொரு ரூபாயையும் ஒரு யூனிட்டா எண்ணி எடுக்குற முறை) போட்டேன், தொகை கூட இருக்குற பில்லு மாட்டுற வாய்ப்பும் அதுல தானா கூடும். ஆனா குறைச்சு எழுதுன பில்லு நழுவும், ஜீரோ பில்லு வரவே வராது, அதுக்கு டெலிவரி சீட்டுல ஆரம்பிச்சு ரெக்கார்டுக்கு வரணும், இத தயவுசெஞ்சு விட்டுறாதீங்க.

சாம்பிள்ல வந்த ஒரு வவுச்சர் கெடைக்கல, வேற ஒண்ண எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. வேற வழியில சரிபார்க்க முடியலைன்னா அத தப்பாவே எண்ணணும்னு ஐஎஸ்ஏ 530லயே (ஆடிட் சாம்பிளிங்குக்கான சர்வதேச தணிக்கைத் தரநிலை) இருக்கு, அப்படியே எண்ணினோம்.