பாடி ஹாரர் படம் பார்க்க உட்காரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் கூடிப் படம் பார்ப்போம். உடம்பு உருக்குலைவது, கனவும் நனவும் குழம்பிப்போவது, இந்த மாதிரிப் படங்கள்தான் பெரும்பாலும். பாடி ஹாரர் என்பார்கள். எனக்கு இவற்றின்மேல் உயிர். அதனால்தான், புதிதாக வருகிறவர்கள் பாதியிலேயே வெறுத்துப்போய் எழுந்து போகும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சில தவறுகளை முன்கூட்டியே தவிர்த்திருந்தால் அவர்களுக்கும் பிடித்திருக்கும்.

பேய்ப் படம் பார்க்கும் நினைப்பில் உட்காருவதுதான் பெரிய தவறு. பேய் வெளியே இருந்து வரும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். சொந்த உடம்பே மாறத் தொடங்கினால் எங்கே ஓடுவது? டேவிட் குரோனென்பெர்க் 1986இல் எடுத்த ‘தி ஃப்ளை’ படத்தில் ஒரு விஞ்ஞானி தன் இயந்திரத்துக்குள் ஈயோடு கலந்துவிடுகிறான். முதலில் பலம் கூடுகிறது, பூரித்துப்போகிறான். அப்புறம் நகம் கழன்று வருகிறது. ஒருநாள் காதே கழன்று விழுகிறது. காதலி ஓடவில்லை, அழுதபடி அவனைக் கட்டிக்கொள்கிறாள். கழன்றதையெல்லாம் அவன் குளியலறை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறான். ‘எப்போது பயமுறுத்துவார்கள்’ என்று காத்திருப்பவருக்கு அந்த அலமாரி வெறும் அருவருப்பாகத்தான் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தப் பயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன், போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. வருடக்கணக்கில் குடித்த பெரியவர்கள் சிலருக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போயின. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பா மகள், கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரித்திருக்க மாட்டார். தாகத்துக்குக் குடித்த தண்ணீர் செய்த வேலை அது. அந்த அக்காவை நினைத்துக்கொண்டு ‘தி ஃப்ளை’ பார்த்த இரவில் எனக்கு அருவருப்பே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த தவறு, ‘பத்து நிமிடத்தில் முழுக் கதை’ வீடியோவை முதலில் பார்த்துவிடுவது. டேவிட் லின்ச்சின் ‘எரேசர்ஹெட்’ (1977) கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒருவனுக்குக் குழந்தை பிறக்கிறது, அது மனிதக் குழந்தை மாதிரி இல்லை. தெரிந்து என்ன பயன்? படத்துக்கு அர்த்தம் சொல்ல லின்ச் கடைசிவரை சம்மதிக்கவில்லை. 2025இல் அவர் இறக்கும்வரை அந்தக் குழந்தையை எப்படிச் செய்தார் என்பதைக்கூடச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் உயிர் சத்தத்தில் இருக்கிறது. லின்ச்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் சேர்ந்து உருவாக்கிய ஓர் உறுமல், பக்கத்துத் தெருவில் ஓயாமல் மில் ஓடுவதுபோலப் படம் நெடுகக் கேட்டுக்கொண்டே இருக்கும். போன் ஸ்பீக்கரில் அது எடுபடாது. நல்ல ஹெட்போனாவது போட்டுக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள்.

புரியவில்லையே என்று நடுவில் நிறுத்தி நிறுத்தித் தேடுவதும் வேண்டாம். ஷின்யா சுகாமோட்டோவின் ‘டெட்சுவோ’ (1989) மொத்தமே 67 நிமிடம், கருப்பு வெள்ளை. முகச்சவரம் செய்யும்போது ஒருவன் கன்னத்தில் இரும்பு முளைத்திருப்பதைப் பார்க்கிறான், பிறகு உடம்பே இரும்பாகிறது. எங்கள் மாடியில் அதைப் போட்ட அன்றைக்குச் சப்டைட்டில் வேலை செய்யவில்லை. ஓசூரில் லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் நண்பன் மட்டும் கண் இமைக்காமல் பார்த்தான். முடிந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோலுக்கடியில் கருநீலமாக ஒரு புள்ளி. என்றைக்கோ ஏறிய இரும்புப் பிசிறு, எடுக்காமலே சதை மூடிக்கொண்டுவிட்டது. “இது வளர்ந்தா எப்படி இருக்கும்னு நானே யோசிச்சிருக்கேன்” என்றான். எங்களில் அந்தப் படம் அவனுக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

கிடைத்த பிரிண்டைப் பார்ப்பதும் தவறுதான். ஆண்ட்ரே சுவாவ்ஸ்கியின் ‘பொசெஷன்’ (1981) 124 நிமிடப் படம். அமெரிக்காவில் அதை 81 நிமிடமாக வெட்டி வெளியிட்டார்கள். எனவே ஓடும் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள். சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வலிப்பு உள்ளவர்கள் ‘டெட்சுவோ’ மாதிரி ஒளி வெட்டி வெட்டி மின்னும் படங்களைத் தொடவே வேண்டாம்.

ஆள் பார்க்காமல் படம் போட்டது நான் செய்த தவறு. முதல் குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு நண்பனுக்கு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ‘எரேசர்ஹெட்’ போட்டேன். அப்பாவாகப் போகிற ஒருவனின் பயம்தான் அந்தப் படம் என்பது எனக்குத் தெரியும். குழந்தையைச் சுற்றிய துணி தெரிந்ததுமே அவன் எழுந்துபோய் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. இப்போதெல்லாம் யார் வந்தாலும் வீட்டில் என்ன நிலவரம், உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு, படம் எதைப் பற்றியது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இரண்டு வயதானபின் ஒரு சனிக்கிழமை அவனே வந்து, “அந்தப் படத்தை விட்ட இடத்திலிருந்து போடு” என்றான். முதலிலிருந்தே போட்டேன்.