பாக்கத்தான் பழைய போன்: ரெட்ரோ கார்ட்லெஸ்ல நாம பண்ற தப்புங்க

வளைஞ்ச ரிசீவர், டயல் மாதிரி வட்டமா பட்டன், ஆனா வயர் மட்டும் இல்ல. இந்த மாதிரி போன் வாங்கறவங்க நெறைய பேரு இதை அந்தக் காலத்து கருப்பு போனாவே நெனச்சுக்கறாங்க, தப்பெல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது.

கரண்ட் விஷயத்தையே எடுத்துக்கங்க, பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சுல இருந்து லைன்லயே 48 வோல்ட் வந்துடும், தெருவே இருட்டா கெடந்தாலும் மணி அடிக்கும். இதுல ஹேண்ட்செட்டை வெக்கற பேஸுக்கு தனியா பிளக் வேணும், ஃபைபர் கனெக்‌ஷன்னா அந்த மோடம் பெட்டியும் ஓடிட்டு இருக்கணும், ரெண்டுல ஒண்ணு அணைஞ்சாலும் டயல் டோன் காலி. ஹேண்ட்செட்ல சார்ஜ் ஃபுல்லா இருக்கேன்னு அதைத் தட்டித் தட்டிப் பாத்து புண்ணியமில்ல. வயசானவங்க தனியா இருக்கற வீடுன்னா ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்ல மாட்டிடுங்க.

பேட்டரி வீக் ஆச்சுன்னா டிவி ரிமோட்டுக்குப் போடற செல்லை எடுத்துப் போடாதீங்க. சைஸ் பொருந்தும், ஆனா அது சார்ஜ் ஏத்தற செல் இல்ல, பேஸ்ல வெச்சா சூடாகி ஒழுகி உள்ள கம்பியெல்லாம் பச்சை பூத்துடும். ரீசார்ஜபிள்னு போட்டிருக்கற 1.2 வோல்ட் நிக்கல் செல்தான் வாங்கணும்.

அப்புறம் இந்த அமெரிக்கா போன். அங்க இருக்கற புள்ளைங்க ஆசையா வாங்கிட்டு வந்து குடுப்பாங்க, அடாப்டர்ல 120 வோல்ட்னு மட்டும் இருந்தா நம்ம 230ல சொருகின உடனே புகைதான். அடாப்டரை மாத்திட்டாலும் பிரச்னை தீராது, அந்த ஊர் டெக்ட் (கார்ட்லெஸ்ல ஒரு வகை) போன் பேசறது 1920-1930 மெகாஹெர்ட்ஸ்ல, இங்க அது மொபைல் கம்பெனிங்களுக்குக் குடுத்த அலைவரிசை. ஷோகேஸ்ல வெச்சு அழகு பாருங்க.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் மாடல்னா வைஃபை ரவுட்டர் பக்கத்துலயே பேஸை வெக்காதீங்க, கரகரன்னு கேக்கும்.

செல்போன்ல இருக்கற நம்பரை அப்படியே பாத்து இதுல சேவ் பண்றதும் வேஸ்ட். 2021 ஜனவரி 15ல இருந்து லேண்ட்லைன்ல மொபைலுக்கு அடிக்கணும்னா முன்னாடி 0 போடணும், அதையும் சேத்தே சேவ் பண்ணுங்க.

பேங்குக்கு போன் போட்டா "ஒன்றை அழுத்தவும்"னு சொல்லுது, அழுத்தினா கண்டுக்கவே மாட்டேங்குதா? டயல் பண்ற முறை செட்டிங்ஸ்ல பல்ஸ்ல (பழைய வட்ட டயல் மாதிரி டிக் டிக்னு போறது) இருக்கும், டோனுக்கு (பட்டனுக்கு ஒரு சத்தம் போறது) மாத்துங்க.